வல்லூறுக்குப் போட்ட ஊசி

நவம்பர் 4, செவ்வாய்

இன்றிலிருந்து எழுதுகிறேன். ஊசி ஆரம்பித்தால் எழுதி வைக்க வேண்டும் என்று தயாளன் சொல்லிவிட்டான். என்றைக்குப் போட்டது, எவ்வளவு போட்டது, உடம்பு எப்படி இருக்கிறது, எல்லாம். தயாளன் சோமனூர் ரோட்டில் ஜிம் வைத்திருப்பவன். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் மருந்து விஷயத்தில் ஏமாற்றமாட்டான். டைரி தீவனக் கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்தது. பத்து மாதமாக அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது.

யாராவது எடுத்துப் படித்தால் ஒன்று தெரிந்துகொள்ளட்டும். ஊசி சேவலுக்கு. எனக்கில்லை.

சேவலின் பேர் வல்லூறு. செம்பழுப்பு இறகும் மஞ்சள் காலும் உள்ள சேவலை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். போன ஆடியில் கத்தி கட்டாமல் பழக்கத்துக்கு விட்டபோது நன்றாகத்தான் பறந்தது. ஆனால் எதிரி குத்தினால் ஒரு நொடி நின்று யோசித்தது. கத்தி கட்டிய களத்தில் அந்த ஒரு நொடியில் குடல் வெளியே வந்துவிடும். அந்த யோசனையை எடுக்கத்தான் ஊசி.

மருந்து எண்ணெய் மாதிரி, மஞ்சளாக இருக்கிறது. ஆண்பிள்ளை உடம்பில் தானாக ஊறுகிற ஹார்மோனைக் கம்பெனியில் செய்து குப்பியில் அடைத்திருக்கிறார்கள். "கொஞ்சமாப் போடுங்ணா, அது கோழி" என்றான் தயாளன். நெஞ்சுச் சதையில் போட்டேன். வல்லூறு ஒரு தடவை கத்திவிட்டு என் கட்டைவிரலைக் கொத்தியது. நல்ல சகுனம்.

கண்ணாடிக் குப்பியின் கழுத்தை ஒடித்துவிட்டால் திரும்ப மூட முடியாது. மீதியை வீணாக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

வல்லூறு தண்ணீர்த் தொட்டியில் தெரிகிற தன் முகத்தையே கொத்துகிறது. பலே.

நவம்பர் 12, புதன்

என் விசைத்தறிகளை நிறுத்திவிட்டுக் கலாமணியைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கல்யாணமாகி ஐந்து வருஷம், வீட்டில் தொட்டில் இல்லை. அவளுக்கு வயிற்றில் ஊசி போடுகிறார்கள். முட்டை வளர்வதற்காம். அதுவும் ஹார்மோன்தான். ஊசி போட்ட வாரம் முழுக்க முகம் உப்பி, கால் வீங்கி, சோற்று வாசனைக்கே ஓடிப்போய் வாந்தி எடுப்பாள். பிள்ளை வேண்டும் என்றால் பட்டுத்தான் ஆகவேண்டும்.

இது மூன்றாவது ஆஸ்பத்திரி. முதல் இரண்டும் சரியில்லை. போய் உட்கார்ந்த உடனே ஆம்பளையைக் கேட்கிறார்கள். ஒரு டப்பாவைக் கையில் கொடுத்து அந்த ரூமுக்குப் போ என்கிறார்கள். என் நெஞ்சையும் தோளையும் பார்த்துமா சந்தேகம்? இங்கேயும் இன்றைக்கு அந்த டாக்டரம்மா ஆரம்பித்தார். போன் வந்த மாதிரி வெளியே வந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது பைக்கில் கலாமணி, "உங்களையும் ஒருக்கா வரச் சொன்னாங்க" என்றாள். காற்றில் காது கேட்கவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

ஜெயித்தோம்.

தாராபுரம் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. போலீசு வந்தால் ஓடுவதற்கு நாலு பக்கமும் வழி. எதிரி ஒரு காகம், கரிய சேவல், நல்ல உயரம். கத்தி கட்டுகிறவர் வல்லூறின் காலில் நூலைச் சுற்றும்போதே, "இதென்ன சென்னியப்பா, கையில நிக்க மாட்டேங்குது" என்றார். விட்டதும் தரையில் கால் படவில்லை. நேராகக் காகத்தின் மேல். முதல் வீச்சில் காகத்தின் இறக்கைக்குக் கீழே திறந்துகொண்டது. காகம் திரும்பி அடித்தது, வல்லூறின் தொடையில் கத்தி இறங்கியது. பழைய வல்லூறாக இருந்தால் நின்றிருக்கும். நிற்கவில்லை. தன் ரத்தத்தை மிதித்துக்கொண்டே ஏறி, கழுத்தைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலாலும் குத்து குத்தென்று குத்தியது. காகம் சரிந்த பிறகும் விடவில்லை. இரண்டு பேர் சேர்ந்து பிரித்தோம்.

தோற்றுச் செத்த சேவலைக் கோச்சை என்போம். ஜெயித்தவன் வீட்டுக்குத்தான் போகும். கோச்சைக் கறிக்கு முன்னால் ஆட்டுக்கறி எல்லாம் ஓரமாக நிற்க வேண்டியதுதான். அதிலும் விதை இரண்டும் ஜெயித்தவனுக்கே. சேவலுக்கு விதை வெளியே தெரியாது, முதுகெலும்போடு ஒட்டி உள்ளே இருக்கும். கலாமணி கோச்சையை அறுத்து, அந்த இரண்டையும் தனியாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். பெரிய மொச்சைக்கொட்டை அளவு, வெள்ளை வெளேரென்று. உப்பும் மிளகும் போட்டு நெய்யில் வதக்கிக் கொடுத்தாள். ஆண்பிள்ளைக்கு நல்லது என்பார்கள். அவள் எதற்காக அவ்வளவு பக்குவமாகச் செய்தாள் என்று எனக்கும் தெரியும். சாப்பிட்டேன்.

டிசம்பர் 1, திங்கள்

வல்லூறுக்குத் தொடைக் காயம் ஆறிவிட்டது. இனிமேல் இனவிருத்தி. இப்போதே ஆள் மேல் ஆள் வந்து குஞ்சுக்குச் சொல்லி வைத்துவிட்டுப் போகிறார்கள். இரண்டு பொட்டைக் கோழி இருக்கிறது. ஒன்று காங்கயத்தில் நான் பார்த்து வாங்கியது. இன்னொன்று என் மச்சான் மோகனசுந்தரம், கலாமணியின் அண்ணன், கொடுவாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த சாம்பல் பொட்டை. முதலில் காங்கயத்தை விட்டேன்.

வல்லூறு அதன் மேல் ஏறுகிற வேகத்தைப் பார்த்தால் இந்த ஜில்லாவையே குஞ்சாக நிரப்பிவிடும் போலிருக்கிறது. பிடரியில் ஒரு இறகு மிச்சமில்லை, தோல் கிழிந்து சதை தெரிகிறது. மஞ்சள் வைக்கப்போன கலாமணி, "பாவங்க அது, தனியாக் கட்டுங்க" என்றாள். ஆம்பளை என்றால் அப்படித்தான் என்றேன்.

ஊசியை நிறுத்தவில்லை. ஓடுகிற வண்டிக்கு எண்ணெயை நிறுத்துவார்களா.

டிசம்பர் 6, சனி

ஐந்தாம் தறியில் இழை அறுந்து பாவு நூல் பூராவும் சிக்கு. அந்தத் தறியை ஓட்டுகிற மணியன் பீடி குடிக்கப் போயிருந்தான். வந்ததும், "சித்த நேரந்தானுங்க போனேன்" என்று பல்லைக் காட்டினான். என் கையில் தறி நாடா இருந்தது, ஊடை நூல் ஓட்டுகிற மரக்கட்டை. வீசினேன். இரும்பு முனை உதட்டில் பட்டது. பல் ஒன்று தரையில் விழுந்து உருண்டது. அவன் குனிந்து அதைத் தேடினான், அது எனக்கு இன்னும் எரிச்சலாகிவிட்டது, உதைத்தேன்.

ஆஸ்பத்திரிச் செலவு நான் கொடுத்துவிட்டேன். யாரும் என்னைக் கல்நெஞ்சன் என்று சொல்லமுடியாது.

டிசம்பர் 22, திங்கள்

காங்கயத்துப் பொட்டை அடைகாக்க உட்கார்ந்து எட்டு நாள். இன்றைக்கு முட்டை பார்த்தோம். கதவைச் சாத்தி இருட்டாக்கி, செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்ப்பது. கரு பிடித்திருந்தால் உள்ளே சிவப்பாகச் சிலந்திக்கால் மாதிரி நரம்பு ஓடும். முதல் முட்டையில் ஒன்றுமில்லை, தெளிந்த தண்ணீர். இரண்டாவதும் அப்படி. கலாமணி கடைசி முட்டை வரைக்கும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அத்தனையும் கூமுட்டை.

நான் நேராகக் கூண்டுக்குப் போனேன். இவ்வளவு வீரியமான சேவலைக் கொடுத்தும் ஒரு முட்டையில்கூடக் கரு பிடிக்காத கோழி எதற்கு? கழுத்தைப் பிடித்து ஒரே முறுக்கு. தலை கையோடு வந்துவிட்டது. உடம்பு முற்றத்தில் ஓடி, துணிக்கல்லில் மோதி, கலாமணியின் காலடியில் போய் விழுந்து துடித்தது. அவள் புடவையெல்லாம் ரத்தம். நகரவே இல்லை. அந்தக் கோழியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குழம்பு வை" என்றேன்.

வைத்தாள். அவள் சாப்பிடவில்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

சாம்பல் பொட்டையை வல்லூறோடு விட்டேன். பார்க்கலாம், கொடுவாய்க்காரர்கள் லட்சணத்தை.

ஜனவரி 2, வெள்ளி

வருஷம் பிறந்ததும் வீட்டில் வாய்த்தகராறு. முதுகு தேய்க்க வந்தவள், "ஏனுங்க முதுகெல்லாம் இப்படிப் பொரிஞ்சு கெடக்குது, சீழ் வேற கட்டியிருக்குது" என்றாள். பஞ்சுத் தூசி என்றேன். "மாரும் வீங்குன மாதிரி இருக்குதுங்க" என்றாள். பனியனை மாட்டிக்கொண்டேன். பெண்டாட்டி புருஷனைச் சேவலைப் பார்ப்பது போலப் புரட்டிப் புரட்டிப் பார்க்கக் கூடாது.

அப்புறம், எனக்குத் தெரியும் அவள் சொல்வாள் என்று, டாக்டரம்மா பேச்சை எடுத்தாள். "ஒரே ஒருக்கா வந்துட்டுப் போயிருங்க. எனக்கு ஒண்ணுமே குறை இல்லீன்னு அவங்க சொல்றாங்க." ஆஸ்பத்திரி மாற்றிவிடலாம் என்றேன். அவள் அதற்கு மேல் பேசவில்லை. பேசாமல் இருக்கிறாளே, அதுதான் எனக்குப் பொறுக்கமாட்டேன் என்கிறது. தட்டை எடுத்துச் சுவரில் அடித்தேன். தட்டுதான். அவள் மேல் படவில்லை.

ஜனவரி 17, சனி

காணும் பொங்கல். இரண்டாவது வெற்றி. சண்டைக்கு முன்னால் பத்து நாள் பொட்டையோடு சேரவிடாமல் தனியே கட்டி, ஊசியைக் கூட்டியிருந்தேன்.

எதிரி மயில் நிறச் சேவல், பெயருக்கேற்ற பகட்டு. களத்தில் நின்ற நேரம் ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட இருக்காது. வல்லூறு அதன் கண்ணைத்தான் முதலில் எடுத்தது. குருடான மயில் சுற்றிச் சுற்றி வந்தது, கூட்டமே சிரித்தது. அப்புறம் தொண்டை. மயில் விழுந்து, காலை நீட்டி, எல்லாம் முடிந்த பிறகும் வல்லூறு அதன் மேல் நின்று குத்திக்கொண்டே இருந்தது. இறகும் சதையும் பறந்தன. மயில்காரர், "எடுப்பா, கறியாவது மிஞ்சட்டும்" என்றார். எடுக்கக் குனிந்தேன். என்னையும் ஒரு வீச்சு வீசியது. முழங்கைக்குக் கீழே ஆழமான வெட்டு, ஒன்பது தையல்.

வலிக்கவில்லை. இவ்வளவு ஆங்காரம் ஒரு கோழி உடம்பில் இருக்கிறதே என்று பெருமையாகத்தான் இருந்தது. கத்தி கட்டுகிறவர் மட்டும் நூலை அவிழ்த்துக்கொண்டே, "இது சேவல் கோவம் இல்ல சென்னியப்பா, என்னமோ குடுக்கற நீ" என்றார். கம்பும் பாதாமும் என்றேன்.

கோச்சையின் விதையைக் கலாமணி இந்தத் தடவை தனியாக வதக்கவில்லை. குழம்பிலேயே போட்டுவிட்டாள்.

ஜனவரி 26, திங்கள்

சாம்பல் பொட்டையின் முட்டையும் கூமுட்டை. எல்லாம்.

நான் எழுந்து கூண்டுக்குப் போனேன். கலாமணி எனக்கு முன்னால் போய்க் கூண்டுக் கதவில் முதுகை வைத்து நின்றுகொண்டாள். கல்யாணமான நாளாக அவள் என் குறுக்கே நின்றதில்லை.

"அதத் தொடாதீங்க. எங்கண்ணன் குடுத்தது."

"உங்கண்ணன் குடுத்ததெல்லாம் இப்படித்தான் இருக்கும்" என்றேன். எதைச் சொன்னேன் என்று அவளுக்குப் புரிந்தது.

"முட்டையில ஒண்ணும் இல்லீன்னா பொட்டையத்தான் கேப்பீங்களா? சேவலக் கேக்கவே மாட்டீங்களா?" சத்தமே போடாமல் சொன்னாள். "அந்தச் சேவலுக்குப் போடற ஊசியத்தான நீங்களும் போட்டுக்கறீங்க?"

சேவலுக்குப் போட்ட மீதி என்றேன்.

"இல்லீங்க. தறிக் கொட்டாயில கழிவுப் பஞ்சு மூட்டைக்குப் பின்னால பாத்தேன். சேவலுக்குத் தீபாவளிக்குப் பொறவுதான் ஆரம்பிச்சீங்க. அங்க கெடக்கற குப்பி நாள்பட்டது. சிலதுல எழுத்தே அழிஞ்சு போச்சு. உங்க மீதியத்தான் அதுக்குப் போட்டிருக்கறீங்க."

குப்பிகள் யாருடையதோ. கொட்டகைக்குப் பத்துப் பேர் வந்து போகிறார்கள்.

அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. கூண்டுக் கதவு உடைந்துவிட்டது, புதிதாகப் போடவேண்டும்.

ஜனவரி 27, செவ்வாய்

கலாமணி நேற்றுக் கூண்டுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள். வலது கை மணிக்கட்டுக்கு மேல் இரண்டு எலும்பும் போய்விட்டது. மாவுக்கட்டு. கட்டுப் போட்ட நர்சு, "விழுந்தா விரல் அச்சு விழுமாம்மா?" என்று அவளிடம் கேட்டாள். என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். கலாமணி, "வழுக்கிருச்சுங்க" என்றாள்.

நானும் அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 29, வியாழன்

மோகனசுந்தரம் வேனோடு வந்தான். வீட்டுக்குள் வரவில்லை. வாசலிலேயே நின்று, "மாப்ள, தங்கச்சியக் கூட்டிட்டுப் போறேன்" என்றான். கை சரியாகும்வரை இருக்கட்டும் என்றேன். அவன் கண் சிவந்திருந்தது. அவன் கை இரண்டும் முறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஒரு அடி அடித்திருந்தால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும், திருப்பிக் கொடுத்திருப்பேன். அவன் அடிக்கவில்லை.

கலாமணி துணிப்பை ஒன்று எடுத்துக்கொண்டாள். அப்புறம் கொல்லைக்குப் போய், ஒற்றைக் கையால் சாம்பல் பொட்டையைப் பிடித்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"கோழி எதுக்கு?" என்றேன்.

"இங்க வுட்டுட்டுப் போனா அது என்ன கதி ஆகும்ன்னு உங்களுக்கே தெரியும்" என்றாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

சோறு வடிக்கத் தெரியவில்லை. ஓட்டலில் சாப்பிட்டு வயிற்றுப்போக்கு.

பிப்ரவரி 13, வெள்ளி

மணியன் வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். இன்னும் இரண்டு பேரும் அவனோடு. மூன்று தறிதான் ஓடுகிறது. வீடே ஊமையாக இருக்கிறது. வல்லூறு மட்டும் கம்பி வலையைக் கொத்திக் கொத்தி மூக்கை உடைத்துக்கொண்டிருக்கிறது. போன் பண்ணினால் கலாமணி எடுப்பதில்லை. அவளுடைய ஊசி மருந்து இரண்டு பிரிட்ஜில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். ஊசி இவ்வளவு நீளம் என்று இதுவரை கவனித்ததில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

வல்லூறு செத்துவிட்டது.

மூன்றாவது சண்டை. எதிரி ஒரு ஆந்தை நிறச் சேவல், இளசு. எங்கள் வல்லூறு வழக்கம்போலப் பாய்ந்து, வழக்கம்போலக் குத்தி, ஆந்தையைக் குடல் சரியச் செய்துவிட்டது. கூட்டம் கத்துகிறது. வல்லூறு கோச்சையின் மேல் ஏறி நின்று தலையைத் தூக்கியது, கூவப்போகிறது என்று நினைத்தேன். அப்படியே பக்கவாட்டில் விழுந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. தூக்கினால் கழுத்து தொங்குகிறது.

ஜெயித்த சேவல் செத்தால் அது கோச்சை இல்லை. அதை யாரும் தின்னமாட்டார்கள், எடுத்துவந்து புதைக்க வேண்டும். ஆந்தையைக் கொடுத்தார்கள், வேண்டாம் என்றுவிட்டேன்.

குழி தோண்டிவிட்டேன். புதைக்க மனசு வரவில்லை. காயமில்லாமல் எப்படிச் சாகும்? காலில் கட்டியிருந்த கத்தியை அவிழ்த்து, அதனாலேயே வயிற்றைக் கீறினேன். இதயம் ஊதிப்போய்ப் பெரிதாக இருந்தது. குடலை ஒதுக்கிவிட்டு முதுகெலும்பு ஓரமாக விரலைவிட்டேன். கிடைக்கவில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, தறிக் கொட்டகை விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

இருந்தது, இரண்டு. பாசிப்பயறு அளவு. பழுப்பாக, சுருங்கி.

இவ்வளவு ஆட்டம் ஆடிய சேவல். ஏறிய ஏற்றமென்ன, பிடரியைக் கிழித்த கிழியென்ன. உள்ளே இவ்வளவுதான் வைத்திருந்தது. காங்கயத்துப் பொட்டையின் தலை என் கையோடு வந்தது ஞாபகத்துக்கு வந்தது. நான் அதைப் பற்றி நினைக்கவில்லை, தானாக வந்தது.

புதைத்துவிட்டேன்.

பிப்ரவரி 23, திங்கள்

குளியலறையில் வெகுநேரம் நின்றேன். தண்ணீர் வீணாக ஓடியது.

பிற்பகலில் ஜிம்முக்குப் போனேன். தயாளன் கண்ணாடி முன்னால் கையை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஊசி போட்டால் விதை சுருங்குமா என்று கேட்டேன். "சேவலுக்குங்களாண்ணா?" என்றான். கண்ணாடியில் என் தோளைப் பார்த்தேன். "வெளியிலேருந்து வந்து கொட்டுதுன்னா உள்ள எதுக்குண்ணா ஊறும்? கடையைச் சாத்திரும். எல்லாருக்குந் தெரிஞ்சதுதான. உங்களுக்கு மொதல்லயே சொன்னனே" என்றான்.

அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஞாபகம் இருக்கும். பக்கத்தில் கிடந்த இரும்புத் தட்டை எடுத்துக் கண்ணாடியில் எறிந்தேன். முழுச் சுவர்க் கண்ணாடி. கொட்டி முடிய நேரமாயிற்று. தயாளன் மூலையில் ஒண்டிக்கொண்டான், நெற்றியில் ரத்தம். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அழுதான்.

மார்ச் 6, வெள்ளி

கோயமுத்தூர் ஆஸ்பத்திரி. அந்த டப்பாவை வாங்கிக்கொண்டு அந்த ரூமுக்குள் போனேன். நாற்காலியும் வாஷ்பேசினும்தான் இருந்தன. இதற்கா ஐந்து வருஷம் ஓடினேன்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு மேஜைமேல் வைத்தார். உயிரணு எதுவும் இல்லை என்றார். குறைவா என்று கேட்டேன். "இல்லைன்னு சொன்னேங்க" என்றார்.

ஊசி எப்போதிலிருந்து என்று கேட்டார். தீபாவளியிலிருந்து என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். கல்யாணத்துக்கு முந்தின வருஷத்திலிருந்து என்றேன். எழுதிக்கொண்டார்.

"நிறுத்திட்டா சில பேருக்குத் திரும்பி வரும். மாசக் கணக்காகலாம், வருஷமாகலாம். சில பேருக்கு வர்றதில்ல. வாக்குக் கொடுக்க முடியாது." அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க மனைவி முதல் தடவை வந்தப்பவே அவங்களுக்குக் குறை இல்லைன்னு சொன்னோம். நீங்க வரலைன்னதும் அவங்கதான், எனக்கே ஏதாவது போட்டுப் பாருங்க டாக்டர், அவரை வற்புறுத்த வேண்டாம்ன்னாங்க. அவங்க எப்படியிருக்காங்க?"

கை உடைந்து அம்மா வீட்டில் இருக்கிறாள் என்றேன்.

"எப்படி உடைஞ்சது?"

வழுக்கி விழுந்தது என்றேன். அவர் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

ஊசியை நிறுத்திவிட்டேன். எழுந்திருக்கவே முடியவில்லை. மதியம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன், காரணமே இல்லாமல் அழுகை வந்தது. அக்கம்பக்கத்துக்குக் கேட்காமலிருக்க ஒரு தறியை ஓடவிட்டேன், நூல் இல்லாமல்.

மார்ச் 29, ஞாயிறு

காலையில் மோகனசுந்தரம் போன். "மாப்ள, சாம்பப் பொட்டை குஞ்சு பொரிச்சிருக்குது. எங்க தோட்டத்துச் சேவல்கூடத்தான் சேந்துச்சு. வெச்ச முட்டையில ஒண்ணுகூட வீணாப் போகல. உங்ககிட்டச் சொல்லச் சொன்னா." வைத்துவிட்டான்.

முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கொடுவாய்க்குப் போனேன். ரிப்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை பைக் சத்தத்தில் நன்றாகத்தான் வந்தது.

மாட்டுக் கொட்டகை ஓரத்தில் கலாமணி குத்துக்காலிட்டு உட்கார்ந்து குஞ்சுகளுக்கு நொய் போட்டுக்கொண்டிருந்தாள். மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். வலது கை இளைத்து, மணிக்கட்டில் சற்றுக் கோணலாக இருந்தது. முகத்தில் உப்பல் வடிந்து, பெண் பார்க்கப் போனபோது பார்த்த முகமாக இருந்தாள். குஞ்சுகள் மஞ்சளும் கறுப்புமாக அவள் கால்விரலை எல்லாம் கொத்தின. மோகனசுந்தரம் தள்ளி நின்று மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தான், என்னை வா என்று சொல்லவில்லை.

ரிப்போர்ட்டை நீட்டினேன். இடது கையால் வாங்கிப் படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"குப்பியப் பாத்தன்னிக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க" என்றாள்.

ஊசியை நிறுத்திவிட்டேன் என்றேன். டாக்டரம்மா திரும்பி வரலாம் என்று சொன்னதையும் சொன்னேன். வராமலும் போகலாம் என்றதைச் சொல்லவில்லை.

அவள் நொய்யை அள்ளி வீசினாள். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எனக்குப் போட்ட ஊசியெல்லாம் எதுக்குங்க? மாசாமாசம் வண்டியில கூட்டிட்டுப் போயி, வெளிய உக்காந்து, போட்டுட்டாங்களான்னு கேட்டுக் கூட்டிட்டு வந்தீங்களே. ஒரு மாசமாச்சும், இது இவளுக்கு வேண்டாம்ன்னு உங்களுக்குத் தோணலீங்களா?"

தோன்றியது. பல மாசம் தோன்றியது. அதை எப்படிச் சொல்வது.

ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. ஒரு குஞ்சு கூட்டத்தைவிட்டுத் தடுமாறி என் செருப்புக்குப் பக்கத்தில் வந்தது. எடுத்து அவளிடம் கொடுக்கலாம் என்று குனிந்தேன். நான் கூமுட்டைக் கோழி என்று கொல்லப்போன அதே சாம்பல் பொட்டை, இறக்கையை விரித்துப் பறந்து வந்து புறங்கையில் கொத்தியது. சதை பிய்ந்து ரத்தம் தெறித்தது. வலியில் கையை உதறத் தூக்கினேன்.

உதறத்தான் தூக்கினேன்.

கலாமணி அந்தக் கோணல் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நொய்த் தட்டு கவிழ்ந்தது. மோகனசுந்தரம் தீவனக் கூடையைப் போட்டுவிட்டு வந்து எங்களுக்கு நடுவில் நின்றான். நான் கையைக் கீழே இறக்கி, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

குஞ்சுகள் எல்லாம் பொட்டையின் இறகுக்குள் போய் மறைந்துவிட்டன. கலாமணி கையை எடுக்கவில்லை. நான் வண்டிவரை நடந்து, ஏறி, கிளப்பி, திரும்பிப் பார்த்தேன். அப்போதும் எடுக்கவில்லை.